சிங்கப்பூர் கல்யாணத்துக்கு முதன்முறையாக விமானம் ஏறுபவர்களுக்கு

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்துவிட்டது. முகூர்த்தம் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில், வரவேற்பு அதே நாள் மாலை. அண்ணன் மகளுக்கோ தங்கை மகனுக்கோ கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. ஆனால் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை, அல்லது மதுரையிலிருந்து சென்னைக்கு ஒருமுறை பறந்ததோடு சரி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருச்சியிலிருந்து இரண்டு கல்யாணங்களுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வந்திருக்கிறேன். இரண்டாவது முறை நன்றாக நடந்தது. முதல் முறை ஏன் அப்படி நடக்கவில்லை என்பதும் வழியில் வரும்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். நம் ஊரில் கல்யாண வீடு என்றால் பந்தி பார்க்க, பூ வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆளைக் கூட்டிவர என்று இருபது பேர் இருப்பார்கள். சிங்கப்பூரில் அப்படிக் கிடையாது. பெண்ணின் அப்பா, அம்மா, லீவு கிடைத்த ஒரு மாமா, அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நள்ளிரவில் நீங்கள் விசா தாளைக் காணோம் என்று போன் செய்தால், அதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்கு ஒரு வேலையும் வைக்காமல் போய் இறங்குவதுதான் நாம் செய்யும் பெரிய சீர்.

பாஸ்போர்ட், அதில் உள்ள பெயர்

பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் மேலே 2,000. போலீஸ் விசாரணை முடிய எத்தனை நாள் ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதனால் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ரேஷன் கார்டில் 'எம். கண்ணன்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'முத்தையா கண்ணன்' ஆகியிருக்கும். டிக்கெட் போடும் தம்பி தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டுவிடுவான். எங்கள் முதல் பயணத்தில் பெரியப்பாவின் டிக்கெட்டில் இனிஷியல் மட்டும் இருந்தது. கவுன்டரில் பேசித் திருத்தி முடிப்பதற்குள் மணி நெருங்கிவிட்டது, அவர் முகம் வெளுத்துப் போனது. டிக்கெட், விசா, வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் அச்சாகியுள்ள அதே எழுத்துகள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால், டிக்கெட்டில் அதை எப்படி நிரப்புவது என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறார்கள்.

பத்தாவது படிக்காத பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று குறித்திருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். இது மின்னணு விசா, பாஸ்போர்ட்டில் ஒட்ட மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற டிராவல் ஏஜென்டு வழியாக விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ உள்ள உறவினர் அங்கிருந்து ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். என் யோசனை ஏஜென்டுதான். கல்யாண வேலைக்கு நடுவில் அவர்களை உட்கார வைத்துப் பத்து பேருக்குப் படிவம் நிரப்பச் சொல்வது நியாயமில்லை. அரசுக் கட்டணம் 30 வெள்ளி (அங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்), ஏஜென்டின் கூலி தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

பயண நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் சில வேலை நாட்களில் முடிவு வந்துவிடும். ஆனாலும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் சமீபத்தில் எடுத்த போட்டோ, போக வர டிக்கெட், தங்கும் இடம், வங்கிக் கணக்கு விவரம், இவற்றோடு கல்யாணப் பத்திரிகையையும் வையுங்கள். ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

விசா வந்ததும் இரண்டு பிரதி அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு ஒன்று, இன்னொரு பையில் ஒன்று. போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போன நேரத்தில்தான் கேட்பார்கள்.

வருகை அட்டை என்பது வேறு. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவு (இமிக்ரேஷன்) ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் செயலியிலோ ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு பைசா கிடையாது. கூகுளில் தேடினால் அதேபோலத் தோற்றம் தரும் தளங்கள் காசு கேட்கும், அது ஏமாற்று வேலை. வீட்டில் ஒரு கல்லூரிப் பிள்ளை இருந்தால் இந்தப் பொறுப்பை மொத்தமாக அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். விசா வேறு, இது வேறு. விசா இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டு வந்து சாங்கி விமான நிலையத்தில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த நாள் போய்ச் சேர்வது

இரண்டு நாள் முன்னால். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 9 மணி முகூர்த்தம் என்றால் நம் உடம்புக்கு அது ஆறரை. ஏழு மணிக்குக் கோயிலில் நிற்க ஐந்துக்கு எழுந்து குளிக்க வேண்டும், அப்போது ஊரில் நள்ளிரவு இரண்டரை. முந்தின இரவு விமானத்தில் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டு இதைச் செய்தால், தாலி கட்டும் நேரத்தில் சித்தப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். இவ்வளவு தூரம் வந்ததே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே.

சென்னை, திருச்சி, கோவை மூன்றிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூட. விலை குறைவு என்று கொழும்பிலோ கோலாலம்பூரிலோ மாறிப் போகும் டிக்கெட்டை, முதல்முறை போகும் பெரியவர்களுக்குப் போடாதீர்கள்.

நள்ளிரவு விமானங்களில் ஒரு குழப்பம் வரும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். தேதியை வீட்டுக் காலண்டரில் '14 இரவு' என்றே எழுதிவையுங்கள்.

மலிவு விலை விமானங்களில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. டிக்கெட் போடும்போதே எடை வாங்கினால் குறைவு, கவுன்டரில் வாங்கினால் பல மடங்கு. சாப்பாடு சேர்ந்த டிக்கெட் என்றால், சைவமா அசைவமா என்பதை ஒரு நாளாவது முன்கூட்டிப் பதிந்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள். சாங்கியில் நடை அதிகம், அம்மா நடந்துவிடுவேன் என்றுதான் சொல்வார், அதைக் கேட்காதீர்கள்.

பெட்டியில் என்ன, கையில் என்ன

கல்யாணத்துக்குப் போகிறவர்களின் பெட்டி சுற்றுலாப் பெட்டி மாதிரி இருக்காது. அதில் சீர்த் தட்டு இருக்கும், குத்துவிளக்கு இருக்கும், கருப்பட்டி, முறுக்கு, அதிரசம், ஊறுகாய் எல்லாம் இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கற்பூரம் விமானத்தில் ஏறாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அது தீப்பற்றும் பொருள். தீப்பெட்டியும் அப்படித்தான். கொப்பரைத் தேங்காயையும் விட மாட்டார்கள், அதிலுள்ள எண்ணெயால் தானாகவே சூடேறிப் பற்றும் பொருள்களின் வரிசையில் அது இருக்கிறது. தாம்பூலப் பைக்கு என்று இதையெல்லாம் கட்டி எடுத்துப்போய் ஸ்கேனரில் பிரித்துக் கொட்ட வேண்டாம். கற்பூரம், தேங்காய், வெற்றிலை, மாலை, மல்லிகைச் சரம் எல்லாம் தேக்காவில் கிடைக்கும். லிட்டில் இந்தியாவை அங்குள்ள தமிழர்கள் தேக்கா என்பார்கள். பூவை ஊரிலிருந்து சுமக்கவே வேண்டாம்.

ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்ப் பொடி எல்லாம் பெட்டியில்தான், கைப்பையில் கூடாது. கைப்பையில் எந்தத் திரவமும் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லி வரைதான். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பழைய துண்டில் சுற்றி, பட்டுப்புடவை இல்லாத பெட்டியில் வையுங்கள். கடைசி வார்த்தைதான் முக்கியம்.

சிங்கப்பூர் விடாத பொருள்களும் உண்டு. இந்தியாவிலிருந்து கோழி, ஆட்டுக்கறி, முட்டை எதுவும் கூடாது, உப்புக்கண்டமும் இதில் அடங்கும். புகையிலை, பான் மசாலா, குட்கா கூடாது. சூயிங்கம் கூடாது. மின்சிகரெட் கூடாது. சிகரெட்டுக்குச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி உண்டு. கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குருமாவுக்கு நம் ஊர்க் கசகசாதான் சரி என்று யாராவது கேட்டாலும் எடுக்காதீர்கள், போதைப்பொருள் சட்டத்தில் போய் நிற்கும் பொருள் அது.

மருந்து கைப்பையில், டாக்டர் சீட்டோடு, கடையில் தந்த அட்டையிலேயே. மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். சர்க்கரை, பி.பி. மாத்திரைக்குச் சிக்கல் இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படும், டாக்டரிடம் சொல்லி முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் இறக்கிவிடுவார்கள். 100 வாட்-ஹவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை தாராளமாகக் கொண்டுபோகலாம். பறக்கும்போது அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் விடுவதில்லை. அங்கே பிளக் சதுரமான மூன்று கால், நம் சார்ஜர் நுழையாது. ஊரிலேயே ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் பயணத்தின் கதை. பெட்டிகளில் ஒன்று எங்களோடு வரவில்லை. அடுத்த நாள் மாலைதான் வந்தது, அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. சித்தி ஆறு மாதம் முன்பே காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை அதில் இருந்தது. யாருடைய புடவையையோ, அளவு பொருந்தாத ரவிக்கையோடு கட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தார். போட்டோக்களில் அவர் எப்போதும் இரண்டாவது வரிசையில்தான் இருப்பார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. முகூர்த்தத்துக்குக் கட்டும் புடவை, ரவிக்கை, பாவாடை, வேட்டி, சட்டை எல்லாம் கைப்பையில். கைப்பைக்கு 7 கிலோதான் என்றாலும் ஒரு செட் பட்டு அதில் அடங்கும். பெட்டி தொலைந்தாலும் கல்யாணம் தொலையாது.

நகை

இதை அவசரப்படாமல் படியுங்கள். பயணத்தில் நகைக்கு மூன்று வாசல் உண்டு. இந்தியாவை விட்டுப் போகும்போது, சிங்கப்பூரில் நுழையும்போது, திரும்பி இந்தியாவில் இறங்கும்போது.

நகையைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் ஒருபோதும் கூடாது. நீங்கள் போட்டுக்கொண்டு போகும் நகை கனமாக இருந்தால், புறப்படும்போதே இந்திய சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நகை இங்கிருந்து போனதுதான் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பில், எடை, போட்டோ கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இதற்காகவே ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அது இல்லாமல் போய், திரும்பும்போது 'இது எங்கே வாங்கியது' என்ற கேள்வி வந்தால், பாட்டி காலத்துக் காசுமாலைக்கு எந்தப் பில்லைக் காட்டுவீர்கள்? தங்கத்துக்கு இத்தனை கிராம் வரை வரி இல்லை என்று ஊரில் சொல்வார்களே, அந்தச் சலுகை வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு இல்லை.

சிங்கப்பூர் வாசலில், உங்கள் உடம்பில் உள்ள பழைய நகைக்கு வரி கிடையாது. ஆனால் பெண்ணுக்குப் பரிசாகக் கொண்டுபோகும் புது நகை, புதுப் பட்டு எல்லாம் வேறு கணக்கு. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு வருகிறவருக்குப் புதுப் பொருள்களில் 500 வெள்ளி மதிப்பு வரைதான் வரி விலக்கு. ஒரு பவுன் மோதிரமே அதைத் தாண்டிவிடும். மேற்பட்ட மதிப்புக்கு 9 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், 2024 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். பில்லோடு, சுங்கத்தில் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள். சொல்லிக் கட்டினால் அது வெறும் வரி. சொல்லாமல் பச்சை வழியில் போய் மாட்டினால் அபராதம், கல்யாண வீட்டுக்கு அவமானம். சீர் நகையை அங்கேயே வாங்கித் தரலாமே என்று குடும்பத்தோடு பேசிப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் நம் நகைக்கடைகள் நிறைய இருக்கின்றன.

மூன்றாவது வாசலில் ஒரு எச்சரிக்கை. 'இந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போய் அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்' என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். குருவி வேலைக்கு, அதாவது தங்கத்தைக் கடத்திக் கொண்டுபோக, ஆள் பிடிப்பவர்கள், கல்யாணத்துக்கு வந்து திரும்பும் அப்பாவிப் பெரியவர்களைத்தான் தேடுவார்கள். போகும்போதும் அப்படித்தான். அடுத்தவர் கட்டித் தந்த பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், முன்பின் தெரியாதவர் தந்ததைத் தொடவே வேண்டாம். போதைப்பொருளுக்கு மரண தண்டனை தரும் நாடு அது, எனக்குத் தெரியாது என்ற பதில் அங்கே எளிதில் எடுபடாது.

பணமும் மொய்யும்

இந்திய ரூபாய் நோட்டு ஆளுக்கு 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். அது திரும்பி வந்து ஆட்டோ பிடிக்கத்தான். சிங்கப்பூர் வெள்ளியை ஊரிலேயே கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மீதிக்கு ஒரு ஃபாரெக்ஸ் கார்டு (முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் வங்கி அட்டை) போதும். மொய்யை வெள்ளியில் உறையில் போட்டுக் கொடுங்கள். ரூபாயாகக் கொடுத்தால் அதை மாற்றும் வேலை அவர்களுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தங்கள் மொய் அனுப்ப வழி கேட்டால், 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யையும் அதேபோலச் சிங்கப்பூரில் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வையும் இணைத்திருக்கிறார்கள். இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகியவற்றில் தொடங்கிய சேவை அது, போன் எண்ணுக்கே பணம் போய்ச் சேரும்.

பயணக் காப்பீடு எடுங்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு நம் கணக்குக்கு அடங்காது. ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

புறப்படும் நாள்

மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், நகைச் சான்றிதழ் வேலை இருந்தால் நான்கு. வரிசை இப்படி வரும்: வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும், கவுன்டரில் பெட்டியைப் போட்டுப் போர்டிங் பாஸ், பிறகு குடிநுழைவு, கடைசியில் பாதுகாப்புச் சோதனை. குடிநுழைவில் எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பார்கள். "சிங்கப்பூர், அண்ணன் மகள் கல்யாணம், ஒரு வாரம்" என்று சொன்னால் போதும். பதற்றத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை.

குழுவாகப் போனால் ஒருவரிடம் எல்லாப் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கழுத்துப் பையில். தங்கும் முகவரியும் கல்யாண வீட்டுப் போன் எண்ணும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். போன் ரோமிங்கை ஊரிலேயே போட்டுவிடுங்கள், கார்டுக்கு வரும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

இறங்கிய பிறகு

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. சாங்கியிலேயே தமிழ்ப் பலகையைப் பார்க்கலாம். முதல்முறை போன எங்கள் பெரியம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். குடிநுழைவு முடிந்ததும் எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் மின்னஞ்சலில் வரும், பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே என்று தேடாதீர்கள். அதில் உள்ள தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், விசா தாளில் உள்ளதை அல்ல.

டாக்சி பிடித்து நேராகத் தங்கும் இடத்துக்குப் போங்கள், கூட்டிப் போக ஆள் அனுப்பச் சொல்லாதீர்கள். அறை போடும்போதே மண்டபத்துக்குப் பக்கமாகப் போடுங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் என்றால் ஃபேரர் பார்க் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1855இல் தொடங்கிய கோயில் அது, தைப்பூசக் காவடி புறப்படுவதும் அங்கிருந்துதான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் என்றால் ஃபோர்ட் கேனிங் நிலையம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் என்றால் சைனாடவுன் பக்கம். கோயில் பெயரை அழைப்பிதழில் இருமுறை பாருங்கள், அங்கே ஒரே ஒரு மாரியம்மன் கோயில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

ரயிலிலும் பஸ்ஸிலும் எதையும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். குழந்தைகள் கையில் முறுக்கைக் கொடுத்துவிட்டு ரயிலில் ஏறாதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். இரவு பத்தரைக்கு மேல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. தேக்கா வட்டாரத்தில் கட்டுப்பாடு இன்னும் அதிகம், இளவட்டங்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மண்டபத்தை இத்தனை மணி வரை என்று வாடகைக்கு எடுத்திருப்பார்கள். நம் ஊர் போல ஒரு மணி நேரம் இழுக்க முடியாது. பத்திரிகையில் எட்டு என்றால் எட்டுக்கே உட்கார்ந்திருங்கள். சாப்பிட்டதும் இலையை, தட்டை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள், ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது. ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையைக் கல்யாணத்துக்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர்களும் கொஞ்சம் ஓய்ந்திருப்பார்கள், உங்களோடு தேக்காவில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்கும்.